டெல்ஃபினாவின் பெயரில் ஒரு வழக்கு

டெல்ஃபினா ராசேலிஸ் எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலாக வந்தபோது கையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. வேலை கேட்டு வருகிறவர்கள் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களோடு வருவார்கள். இவள் சட்டியை என் மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். முருங்கைக் கீரையும் வறுத்த நெத்திலியும் போட்ட பயற்றங்குழம்பு, இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.

“எனக்கு பயோடேட்டா எல்லாம் எழுதத் தெரியாது சார். இதைச் சாப்பிட்டுப் பாருங்க. பிடிக்கலேன்னா சட்டியக் கழுவிக் குடுத்துடுங்க, போயிடறேன்.”

சாப்பிட்டேன். என் பக்கத்து மேசைப் பெண்ணும் சாப்பிட்டாள். சட்டியைக் காலி செய்து நாங்கள்தான் கழுவினோம்.

மணிலாவில், கூபாவோ பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் ஏஜென்சி. மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் சமையல்காரர்கள், துப்புரவுக்காரர்கள், காவலாளிகளை அனுப்புவது எங்கள் தொழில். வருகிறவர்களின் காகிதங்களை வாங்கிச் சரிபார்ப்பது என் வேலை. டெல்ஃபினாவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. குட்டையான, அகன்ற தோள் கொண்ட பெண். சிரித்தால் அறை முழுக்கக் கேட்கும். ஒரு தனியார் மருத்துவமனைக்குப் பின்சந்தில் பல வருஷம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கடையை இடித்துவிட்டார்கள். அந்த மருத்துவமனையின் சமையலறைக்கு ஆள் அனுப்புவது நாங்கள்தான் என்று தெரிந்துகொண்டு வந்திருந்தாள். அங்கே உணவுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் அவளுடைய பழைய வாடிக்கையாளராம்.

எல்லாம் சுலபமாக முடிய வேண்டியது. ஊர்ச் சான்று, மருத்துவப் பரிசோதனை, கடைசியாகக் கிளியரன்ஸ். கிளியரன்ஸ் என்றால், இந்தப் பெயருள்ள ஆள் மேல் நாட்டில் எங்கேயும் குற்ற வழக்கு இல்லை என்று அரசாங்கம் கொடுக்கும் காகிதம். அது இல்லாமல் எங்கள் ஊரில் கூட்டிப் பெருக்கும் வேலைகூடக் கிடைக்காது. படம் எடுத்து, விரல் ரேகை வைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்தால் கையில் கொடுத்துவிடுவார்கள். பெயர் எங்காவது ஒரு வழக்கில் இடித்தால் மட்டும் உடனே கொடுக்க மாட்டார்கள். ‘ஹிட்’ என்று சொல்லி, வேறொரு நாள் வரச் சொல்வார்கள்.

டெல்ஃபினாவுக்கு ஹிட் வந்தது.

அன்று சாயந்திரம் அதைச் சொல்ல வந்தபோது அவளுக்கு ஒரே சிரிப்பு.

“என் பேர்ல எங்கயோ ஒரு கொள்ளைக்காரி இருக்கா போல சார். நல்லா சம்பாதிச்சிருப்பா. நான்தான் வெங்காயம் உரிச்சே கெழவியாயிட்டேன்.”

“பேர் ஒத்துப்போறது சகஜம்தான். பயப்படாதீங்க” என்றேன்.

அதை நான் நம்பித்தான் சொன்னேன். இத்தனை வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில், ஹிட் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள். அப்பா வைத்த பெயரை வேறொரு அப்பாவும் தன் பிள்ளைக்கு வைத்திருப்பார், அந்தப் பிள்ளை எங்கோ எருமை திருடியிருப்பான். மிச்சப் பேரிடம் நிஜமாகவே ஏதாவது இருக்கும். ஆனால் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிற மாதிரி இருக்காது. பணமில்லாத கணக்கில் காசோலை கொடுத்த பெட்டிக்கடைக்காரர். சேவல் சண்டையில் யாருடைய காதையோ கடித்தவர். சாந்தமாக உட்கார்ந்து தையல் டீச்சர் வேலை கேட்ட ஒரு பெண்மணிக்கு இரண்டு புருஷன்கள் இருந்ததாக வழக்கு. ஒரு காவலாளி மட்டும் நான் கேட்பதற்கு முன்பே, “நான் உள்ள இருந்துட்டு வந்தவன் சார்” என்றான். அவனுடைய கிளியரன்ஸில் ஒன்றுமே வரவில்லை. ஏன் என்று அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

டெல்ஃபினா மறுபடி போனாள். இந்த முறை அவளைத் தனியாக ஓர் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் கணினியைப் பார்த்தபடி கேட்டானாம்.

“பிக்கோல் பக்கமா உங்க ஊரு? சான் ரொக்கே?”

“ஆமா.”

“வீட்டுக்காரர் பேரு டோமெங்?”

“அந்த ஆளு என்ன பண்ணித் தொலைச்சாரு?”

“அவர் இல்லம்மா. நீங்கதான். உங்க பேர்ல வழக்கு இருக்கு. பிடிவாரண்டும் இருக்கு.”

“யாரைக் கொன்னேன்னு போட்டிருக்கு?”

“கொல்லல. திட்டியிருக்கீங்க. கடுமையான வாய்மொழி அவதூறு.”

டெல்ஃபினா அவனையே பார்த்தாள். “திட்டினதுக்கா? தம்பி, திட்டினதுக்கெல்லாம் வழக்குன்னா எங்க ஊர்ல வெளிய யாருமே இருக்க மாட்டாங்க.”

அவனும் சிரித்துவிட்டான். ஆனால் கிளியரன்ஸ் தரவில்லை. “நீங்களா போய்க் கோர்ட்ல நின்னுடுங்க. போலீஸ் வந்து கூட்டிட்டுப் போற மாதிரி வெச்சுக்காதீங்க. வழக்கு முடிஞ்சதுன்னு கோர்ட்ல காகிதம் வாங்கிட்டு வாங்க, குடுக்கறேன்” என்று அனுப்பிவைத்தான்.

யார் வழக்குப் போட்டது என்று அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறையை விட்டு வெளியே வருவதற்குள் அவளுக்கே ஞாபகம் வந்துவிட்டது.

சான் ரொக்கே கடலோரத்துச் சிற்றூர். அவளும் அவுரிங் என்ற அவுரேலியாவும் அங்கே சேர்ந்து கருவாடு போட்டார்கள். ஒரே மூங்கில் பரணில் ஒரு பாதியில் இவளுடைய மீன், மறுபாதியில் அவளுடைய மீன். டெல்ஃபினாவின் மகன் ரோவெலுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் அவுரிங். அந்த உறவில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ‘மாரே’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். கூடப்பிறந்தவளைவிட நெருக்கமான உறவு அது. மாரேயிடம் சண்டை போடுவது பெரிய அசிங்கம்.

ஒருநாள் டெல்ஃபினா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் திடீரென்று மழை கொட்டியது. திரும்பி வந்து பார்த்தால் அவுரிங்கின் மீன் எல்லாம் கூரைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. டெல்ஃபினாவின் மீன் பரணிலேயே ஊறிக் கிடந்தது. திருவிழாவுக்கு விற்கப் போட்ட மொத்தச் சரக்கும் அது. இவள் நேராகப் போய் அவுரிங்கின் வீட்டு முன்னால் ரோட்டில் நின்றுகொண்டு கத்தினாள். என்ன கத்தினாள் என்பது அவளுக்கே முழுதாக நினைவில்லை. கத்தியது நினைவிருந்தது. அவுரிங் “கோர்ட்டுக்குப் போவேன்டி” என்று பதிலுக்குக் கத்தியது நினைவிருந்தது. ஊர்த் தலைவர் சமாதானத்துக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். இவள் போகவில்லை. அந்த மாதமே டோமெங்குக்கு மணிலாவில் ஜீப்னி வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. மூட்டை முடிச்சோடு கிளம்பி வந்துவிட்டார்கள். பிறகு ஊர்ப் பக்கமே போகவில்லை. அவளுடைய அம்மா அப்பா ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். இருந்த ஒரே அண்ணனும் கடிதம் போடுகிற வகை இல்லை. சம்மன் பழைய வீட்டுக்குப் போயிருக்கும், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இங்கே சொந்தக் கடை என்பதால் யாரும் அவளிடம் கிளியரன்ஸ் கேட்டதில்லை.

“பதினாலு வருஷம் சார்” என்றாள் என்னிடம். “இத்தனை வருஷம் நான் தேடப்படற குற்றவாளியா இருந்திருக்கேன். எனக்கே தெரியாது. போலீஸ்காரங்க எத்தனை பேர் என் கடைல கடன் சொல்லிச் சாப்பிட்டிருக்காங்க.”

மருத்துவமனை அதிக நாள் காத்திருக்காது என்று சொன்னேன். போய்விட்டுச் சீக்கிரம் வரச் சொன்னேன். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. தினமும் இப்படி யாராவது என் முன்னால் உட்காருகிறார்கள்.

ஊரில் நடந்ததை அவளே திரும்பி வந்து சொன்னாள். அவளுடைய அண்ணனும் ஒருமுறை மணிலா வந்தபோது சொன்னார். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போனதால் அப்படியே எழுதுகிறேன்.

நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் கோர்ட். அவள் போனது கோர்ட் திறந்த கொஞ்ச நேரத்தில். திருட்டுத்தனமாக நுண்வலை போட்டுப் பிடிபட்ட மீனவர்கள் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். குமாஸ்தா அம்மாளுக்கு சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போய், தூசி தட்டி ஒரு கட்டை எடுத்து வந்தார்.

“இது உங்களோடதுதானான்னு பாத்துக்குங்க. படிக்கறேன்.”

“நானே படிச்சுக்கறேனே.”

“கையில குடுக்கக் கூடாது.”

அந்த அம்மாள் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல், சந்தை விலைப்பட்டியலைப் படிப்பதுபோலப் படித்தார். “குற்றம் சாட்டப்பட்டவர் பொது வீதியில், பலர் கேட்கும்படி, புகார்தாரரை நோக்கிப் பின்வரும் சொற்களைக் கூறினார். ‘திருட்டு முண்டை. கோயில் உண்டியல்ல விட்ட கைதானே அது. என் மீன் அழுகின மாதிரி உன் குடல் அழுகும். வெளிய வாடி. உன் மூணாவது பொண்ணோட மூக்கைப் பாரு, ஐஸ் வண்டிக்காரன் மூக்கு. ஊருக்கே தெரியும், உன் புருஷனுக்குத்தான் தெரியாது.’”

மீனவர்கள் பெஞ்சிலிருந்து சரிந்து விழாத குறை. ஒருவன், “அம்மா, அந்த ஐஸ் வரியை இன்னொரு தடவை படிங்க” என்றான். குமாஸ்தா, “அமைதி” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

டெல்ஃபினாவுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. உண்டியல் விஷயம் வரைக்கும் சிரிப்பு இருந்தது. ஐஸ்காரன் வந்ததும் நின்றுவிட்டது.

“இதையும் நானா சொன்னேன்?”

“சாட்சி மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“எனக்கு ஞாபகமே இல்லையேம்மா.”

“அவங்களுக்கு இருக்கு” என்றார் குமாஸ்தா.

அண்ணன் வந்து ஜாமீன் கட்டினார். அரசாங்க வக்கீல், பொறுமையில்லாத இளம்பெண், இரண்டு வழி சொன்னாள். ஒன்று, வழக்கு நடத்துவது. சாட்சிகள், தவணைகள் என்று எத்தனை காலம் ஆகுமோ தெரியாது. இன்னொன்று, புகார் கொடுத்தவளே ‘இந்த வழக்கை நான் தொடர விரும்பவில்லை’ என்று பத்திரம் எழுதிக் கொடுப்பது. “அவங்க எழுதிக் குடுத்தா நான் தள்ளுபடி கேக்கலாம். போய்ப் பேசுங்க. தயவுசெஞ்சு திட்டாம பேசுங்க.”

அந்த வார ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் டெல்ஃபினா அவுரிங்கின் வீட்டுக்குப் போனாள். கையில் மணிலாவிலிருந்து கொண்டுவந்த ரொட்டிப் பொட்டலம். வீட்டுக்குக் காங்கிரீட் சுவர் வந்திருந்தது. எதிரே காலியாகக் கிடந்த இடம் கூடைப்பந்து மைதானமாக மாறியிருந்தது. பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் சாராயப் பாட்டிலை நடுவில் வைத்து நாலு பெரியவர்கள்.

அவுரிங் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. வந்தவளை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி பூண்டைப் பார்த்தாள்.

“மாரே” என்றாள் டெல்ஃபினா.

“யாரு? எனக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியாது.”

“டெல்ஃபினா.”

“தெரியும். குரலைக் கேட்டா தெரியாதா. அடுத்த ஊருக்கே கேட்ட குரலாச்சே.”

உள்ளே கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. டெல்ஃபினா படியில் உட்கார்ந்தாள். வேலை, மருத்துவமனை, கிளியரன்ஸ், வழக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவுரிங் கேட்டுக்கொண்டே உரித்தாள்.

“அப்போ வேலை வேணும்னு வந்திருக்க. மன்னிப்புக் கேக்க வரல.”

“ரெண்டுக்கும்தான் வந்தேன்.”

“எது மொதல்ல?”

டெல்ஃபினா யோசித்தாள். “வேலைதான்” என்றாள். “வேலைன்னு ஒண்ணு இல்லேன்னா இந்த வழக்கே எனக்குத் தெரிஞ்சிருக்காது. பொய் சொல்லி என்ன ஆகப்போவுது.”

அவுரிங் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். “அன்னிக்கு மழை எந்தப் பக்கமிருந்து வந்துச்சு, சொல்லு பாக்கலாம்.”

“இப்ப எதுக்கு மழை?”

“கடல் பக்கமிருந்து வந்துச்சு. என் பாதி கரைப் பக்கம். உன் பாதி கடல் பக்கம். நான் ஓடி வர்றதுக்குள்ள உன்னோடது நனைஞ்சு முடிஞ்சிருச்சு.”

“ஒரு தட்டாவது எடுத்திருக்கலாமே மாரே. ஒரே ஒரு தட்டு!”

“என் இடுப்புல புள்ள இருந்துச்சு! காய்ச்சல்ல கொதிச்சுக்கிட்டு, எட்டு வயசுப் புள்ளய இடுப்புல வெச்சுக்கிட்டு, ஒத்தக் கையில எவ்வளவுடி எடுப்பேன்?”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“நீ எங்க சொல்ல விட்ட? நீ கத்தின கத்தில இடிச் சத்தமே எனக்குக் கேக்கல!”

இருவருக்கும் குரல் ஏறிவிட்டது. பதினாலு வருஷத்துக்கு முன் நனைந்த மீனுக்காக இரண்டு நரைத்த பெண்கள் வாசலில் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். ரோட்டோரப் பெரியவர்களில் ஒருவர் பார்ப்பதற்கு வசதியாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். பெயர் ஆர்லின். அவுரிங்கின் மூன்றாவது மகள்.

டெல்ஃபினாவின் பார்வை அவள் மூக்குக்குத்தான் போனது. வேண்டாம் என்று நினைத்தும் போனது. சாதாரண மூக்கு. அவுரிங்கின் புருஷன் மார்சியானோவுக்கு இருந்த அதே சப்பை மூக்கு.

“பார்த்துட்டீங்களா?” என்றாள் ஆர்லின். “எல்லாரும் மொதல்ல அங்கதான் பார்ப்பாங்க. பரவால்ல, பழகிடுச்சு.”

“பாப்பா, நான்...”

“ஸ்கூல்ல எனக்கு என்ன பேரு தெரியுமா அத்தை? ஐஸ். வாத்தியார்கூட ஒரு தடவை வாய் தவறி ஐஸ்னு கூப்பிட்டாரு. இப்பவும் சங்கத்துல பழைய பசங்க யாராவது வந்தா, ‘ஐஸ், பாஸ்புக் எடு’ம்பான். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவான். அவனுக்கு அது ஏன் வந்துச்சுன்னே தெரியாது.”

“ஆர்லின், போதும்” என்றாள் அவுரிங்.

“அப்பா அதுக்கப்புறம் என்னைத் தூக்கினதே இல்ல அத்தை. திட்டினதில்ல, அடிச்சதில்ல. எல்லாம் வாங்கிக் குடுப்பாரு. ஆனா என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாரு. அக்காங்க கிட்ட பேசுற மாதிரி என்கிட்ட பேசினதில்ல. போன வருஷம்தான் செத்துப் போனாரு. நீங்க ரெண்டு வருஷம் முன்னாடி வேலை தேடியிருக்கலாம்.”

அவள் அழவில்லை. சங்கத்தில் கணக்கு வித்தியாசத்தைச் சொல்லுகிற குரலிலேயே சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை என்று டெல்ஃபினா என்னிடம் சொன்னாள். அழுதிருந்தால் கட்டிப்பிடித்திருக்கலாம், திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“வாய்க்கு வந்ததைச் சொன்னேன் பாப்பா. அந்த ஐஸ்காரன் யாருன்னுகூட எனக்குத் தெரியாது. அந்த நேரம் வண்டி மணிச் சத்தம் கேட்டுச்சு போல. அவ்வளவுதான்.”

“அதை இங்க சொல்லி என்ன பிரயோஜனம்? அம்மாவுக்கு அது எப்பவுமே தெரியும். எனக்கும் தெரியும். அன்னிக்கு எங்க நின்னு சொன்னீங்க?”

டெல்ஃபினா ரோட்டைப் பார்த்தாள்.

“அங்க போய் நின்னு சொல்லுங்க. மெதுவாச் சொன்னா செல்லாது. அன்னிக்கு எவ்வளவு சத்தமாச் சொன்னீங்களோ அவ்வளவு சத்தமா சொல்லணும். சொன்னா அம்மா கையெழுத்துப் போடுவாங்க.”

“நான் போடறேன்னு எப்படி சொன்ன?” என்றாள் அவுரிங்.

“போடுவீங்கம்மா. வழக்கு உங்களோடது. ஆனா திட்டு வாங்கினது நான்.”

அவுரிங் பூண்டுத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள்.

டெல்ஃபினா எழுந்து நடந்தாள். படியிலிருந்து ரோட்டுக்கு ரொம்பத் தூரம் இல்லை. ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டாள். கத்துவதற்கு அவள் வாழ்நாளில் தயங்கியதே இல்லை. கோபம் இருந்தால் குரல் தானாக வரும். கோபம் இல்லாமல் நடுரோட்டில் கத்துவது எப்படி என்று அன்றைக்குத்தான் யோசித்தாளாம்.

“சான் ரொக்கேகாரங்களே!” என்றாள். பந்துச் சத்தத்தில் அது பாதிதான் கேட்டது.

“என்ன விக்கிற?” என்றார் நாற்காலியைத் திருப்பிப் போட்டவர்.

“நான் டெல்ஃபினா! டோமெங் பொண்டாட்டி! கருவாட்டு டெல்ஃபினா!” இப்போது வந்துவிட்டது குரல். பந்து தட்டும் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. “இதே எடத்துல நின்னு அவுரிங்கைப் பத்தி அசிங்கமாப் பேசினேன்! அவ உண்டியல்ல கை வெக்கல! ஆர்லின் மார்சியானோவோட பொண்ணு! ஐஸ்காரன் கதை நான் கட்டினது! சுத்தப் பொய்! பொய் சொன்னது நான்தான்! கேட்டுச்சா எல்லாருக்கும்?”

“கேட்டுச்சு!” என்று மைதானத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

“எந்த ஐஸ்காரன்?” என்றான் இன்னொருவன். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கதையே தெரியாதவன்.

“அந்த ஆளு செத்து எத்தனையோ வருஷமாச்சு” என்றார் பெரியவர். “நல்ல மனுசன். கெணறு வெட்டித் தண்ணி குடுத்தான். பாவம், அவன் பொண்டாட்டியும் ஒரு மாசம் அவன்கூடப் பேசல.”

இது டெல்ஃபினாவுக்குப் புதுச் செய்தி. ஐஸ்காரனுக்கும் ஒரு பொண்டாட்டி இருந்திருப்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை. “அவங்களையும் மன்னிக்கச் சொல்லுங்க” என்று பொதுவாக ரோட்டைப் பார்த்துச் சொன்னாள். யாரோ கைதட்டினார்கள். கேலிக்குத் தட்டினார்களா, பாராட்டித் தட்டினார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. பந்து தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.

திரும்பி வந்தபோது ஆர்லின் வாசலில் இல்லை. உள்ளே போயிருந்தாள். அவுரிங் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

“நாளைக்கு ஒம்பது மணிக்கு நோட்டரி கடைக்கு வா. லேட்டா வந்தா நான் இருக்க மாட்டேன்.”

“வர்றேன் மாரே.”

“மாரேன்னு கூப்பிடாத” என்றாள் அவுரிங். தம்ளரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, “ரோவெல் எப்படி இருக்கான்?” என்று கேட்டாள்.

“லகூனால ஃபேக்டரில இருக்கான். கல்யாணம் ஆகல. நல்லா இருக்கான்.”

“அவனுக்கு நான் ஞானத்தாய்னு அவனுக்குத் தெரியுமா?”

அவனிடம் டெல்ஃபினா அதைச் சொன்னதே இல்லை.

திங்கட்கிழமை அவுரிங் கையெழுத்துப் போட்டாள். அவளோடு ஆர்லினும் வந்திருந்தாள். வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னாள். டெல்ஃபினாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு வக்கீல் மனுப் போட்டாள். நீதிபதி மாற்றலாகிப் போய், புதியவர் வந்து, வழக்கு தள்ளுபடி என்று உத்தரவு வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது.

மருத்துவமனை வேலை போய்விட்டது. அந்த இடத்துக்கு நான் வேறொரு பெண்ணை அனுப்பியிருந்தேன். அவளுடைய கிளியரன்ஸில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது மாதமே இறைச்சியைத் திருடி விற்றதாகப் பிடிபட்டாள். மருத்துவமனை புகார் கொடுக்கவில்லை, சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவிட்டது. ஆகவே அவள் பெயரில் இன்றைக்கும் ஒன்றும் இல்லை. அதற்குள் அந்த இடத்துக்கு இன்னொருவர் வந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் டெல்ஃபினா வீட்டிலேயே சமைத்து, பக்கத்துக் கட்டடத் தொழிலாளர்களுக்கு விற்றுச் சமாளித்தாள். கோர்ட் உத்தரவைக் காட்டி வாங்கிய கிளியரன்ஸோடு ஒருநாள் வந்தாள். ‘பதிவு எதுவும் இல்லை’ என்று அச்சடித்திருந்தது. நான் நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா சார்?” என்றாள்.

“இவ்வளவுதான்.”

“நான் சொன்னது பொய்னு எங்கயும் எழுத மாட்டாங்களா?”

“அதுக்கு இதுல எடம் இல்ல.”

தலையாட்டிவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஒரு கல்லூரி மாணவியர் விடுதியில் சமையல்காரி இடம் காலியானபோது அவளை அனுப்பினேன். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ரோவெல் சான் ரொக்கே போய் ஞானத்தாயைப் பார்த்துவிட்டு வந்தானாம். வளர்ந்த ஆண்பிள்ளை வாசலில் நின்று அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கியதும் அவுரிங் நேராக உள்ளே போய்விட்டாளாம். ஒரு பை நிறையக் கருவாடு கொடுத்துவிட்டாள், அவனுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தாள். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள். டெல்ஃபினாவும் அவுரிங்கும் இன்றுவரை மறுபடி பேசவில்லை. ஆர்லினைப் பற்றி ரோவெல் ஒன்றும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

போன மாதம் விடுதியிலிருந்து எனக்கு ஒரு புகார் வந்தது. சமையலறைக்குப் புதிதாக வந்த பெண் சோற்றைக் குழைய விட்டதற்காக டெல்ஃபினா அவளைக் கண்டபடி ஏசிவிட்டாளாம். கூப்பிட்டு விசாரித்தேன்.

“திட்டினேன் சார். இல்லேன்னு சொல்லல. இருநூறு பொண்ணுங்க திங்கற சோறு, கஞ்சியாக்கிட்டா.”

“உங்களுக்கு இது தேவையா? திரும்பவுமா?”

“அவ ஆக்கின சோத்தைத்தான் சார் திட்டினேன். அவ அம்மாவையோ அப்பாவையோ ஒரு வார்த்தை சொல்லல. வேணும்னா கேட்டுப் பாருங்க.”

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாம், சோற்றை மட்டும்தான் என்றாள். ஆனால் சோற்றைச் சொல்லியே ரொம்ப நேரம் திட்டினார்கள் என்றாள். எச்சரித்து அனுப்பினேன், பதிவேட்டில் எழுதவில்லை.